பிரிவு நான்கு

படிவத்தின் நான்காம் பிரிவு கேட்கிறது:
நோயாளிகளுடன் உரையாடும் திறன்,
ஒன்று முதல் ஐந்து வரை.
கீழே ஒரு பெட்டி.
முந்நூறு எழுத்துக்கு மேல் கொள்ளாது.

ஐந்தைச் சுழித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.
தார்த்துவில் இன்று காற்று குறைவு,
வீட்டுக்கு நடந்தே போகலாம்.
ஆனால் கைசா ராண்மெட்ஸைப் பற்றி எழுத
முதலில் என்னைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி. பதினொன்றாம் அறை.
யெவ்லம்பி கிரிகோரியெவிச்,
பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம் போடுகிறவர்,
தாடியைப் போர்வைக்கு வெளியே எடுத்து விட்டிருந்தார்.
கல்லீரலுக்குப் பரவிவிட்டதென்று
நான்தான் சொன்னேன்.
ஒரு கை கதவுப் பிடியில்,
மறு கையில் அடுத்தவருடைய ஸ்கேன்.
நான்கு நிமிடம்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.
புரிந்ததா என்றேன், தலையசைத்தார்.
புரிந்துகொண்டார் என்று கோப்பில் எழுதினேன்.

பேனாவை மறந்துவிட்டுத் திரும்பியபோது
உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம்.
அதன் ஒரு காலில் ரப்பர் இல்லை,
வார்டு முழுக்கக் கேட்கும்.
கைசா உட்கார்ந்திருந்தாள்.
நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

அவளுடைய ரஷ்ய மொழி மோசம்.
வேற்றுமை உருபுகள் எல்லாம் இடறி விழும்.
டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.
ஏதோ பரவியிருக்கிறதாம் என்றார் அவர்,
மே மாதம் நடவு இருக்கிறது,
அதற்குள் விட்டுவிடுவீர்கள் அல்லவா?

எத்தனை பாத்தி?
பதினாறு.
விதை வெங்காயம் எங்கே?
அடுப்புக்கு மேலே, சாக்கில். குளிர் படக்கூடாது.
அது எங்கே இருக்கிறதென்று வேறு யாருக்குத் தெரியும்?

அவர் பதில் சொல்லவில்லை.
அவளும் சொல்லவில்லை.
எனக்குத்தான் தாங்கவில்லை, இருமப் பார்த்தேன்.

பிறகு அவள் சொன்னாள்:
மே மாதம் நீங்கள் இருப்பீர்கள் என்று
நான் நினைக்கவில்லை, யெவ்லம்பி கிரிகோரியெவிச்.

வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டாள்.
அவர் முதலில் அதைத் திருத்தினார்.
அவள் திருத்தியபடியே இன்னொரு முறை சொன்னாள்.
அப்புறம்தான் அழுதார்.

நார்வாவிலிருக்கும் மகளைத் தொலைபேசியில் பிடித்து
அவர் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள்.
எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கும்,
எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் ஏர் தருவான்,
யாரிடம் கேட்கவே கூடாது,
எல்லாம் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம்.
அன்று ஒன்பதாம் அறைக்கு ஊசி தாமதம்,
புகார் வந்தது, நியாயமான புகார்.
ஆகவே பிரிவு ஆறு, நேர மேலாண்மை: மூன்று.
இங்கே பூசி மெழுகினால் அங்கே சொல்வதும் எடுபடாது.

இனிப்பாகப் பேசுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம்.
எல்லாம் சரியாகிவிடும் என்று
அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

தலைமைச் செவிலிக்கு இரண்டாம் மாடியில் அறை.
பணிமுறை அட்டவணை, கையுறைக் கணக்கு,
புதன்கிழமைகளில் கூட்டம்.
அங்கே நாற்காலிகளுக்குச் சக்கரம் உண்டு, சத்தமே வராது.
நேற்று இரவு பென்சிலால் நான்கு என்று போட்டேன்.
இங்கேயே இருந்துவிடுவாளே என்று.
வெட்கத்தோடு எழுதுகிறேன், காலையில் அழித்தேன்.
தடம் இன்னும் தெரிகிறது.

இப்போது நானும் உட்காருகிறேன்.
கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க இன்னும் வரவில்லை.

பெட்டிக்குள் இவ்வளவுதான் எழுதினேன்:
கேள்வி கேட்ட பிறகு இவர் காத்திருக்கிறார்.
மற்றவர்களுக்கு இதைக் கற்றுத்தரும் பதவி
இவருக்குத் தரப்பட வேண்டும்.
வாரத்தில் ஓர் இரவாவது கீழே அனுப்புங்கள் என்பதற்கு
இடமில்லை. ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

இணைப்புகள் என்ற இடத்தில், ஒன்று:
ஆகஸ்டில் பேருந்தில் வந்த வெங்காயச் சரம்.
மொழி சரியாக வராத செவிலிக்கு
என்று சீட்டு கட்டியிருந்தது.
படிவத்தோடு அனுப்ப இயலாது,
பாதியைச் சமைத்துவிட்டோம்.